ஆறாவது வீட்டு நீலப் பென்சில்

நகை விஷயத்தில் எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. யாராவது புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு எதிரே வந்தால் "நல்லா இருக்குதுங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். புடவை, வீடு, புருஷன் வாங்கிக் கொடுத்த மிக்ஸி, எதுவும் என்னை அசைத்ததில்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில், அரூரில், ஒரு பெண் பென்சிலால் எழுதிய நாலு வரிக்காக என் வயிறு எரிந்ததைப் போல வேறு எதற்கும் எரிந்ததில்லை. அந்த நாலு வரியை நான் படிக்கக்கூட இல்லை. படித்திருந்தால் ஒருவேளை எரிச்சல் அடங்கியிருக்கும்.

நாங்கள் குடியிருந்தது ஒரு லைன் வீடு. தெருக் கேட்டிலிருந்து உள்ளே போகப் போக ஒரே வரிசையில் ஆறு குடித்தனம். கேட்டை ஒட்டிய முதல் வீட்டில் தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மனைவி. நாங்கள் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்போம். இரண்டாவது வீடு எங்களுடையது. என் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதினார். கல்யாணமாகி பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து நான் அங்கே வந்தபோது, சமையல் முடிந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பெரியக்கா ஒரு புக்கு சுற்று நடத்தினாள். வீட்டுக்கு வீடு பங்கு போட்டு ஒரு வாரப் பத்திரிகை வாங்குவது. அது முதலில் பெரியக்கா வீட்டில் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இரண்டாவது வீடு, அப்புறம் மூன்றாவது என்று சுவர் தாண்டிச் சுவர் தாண்டிப் போய்க் கடைசி வீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பப் பெரியக்காவிடமே வந்துவிடும். பங்குப் பணம் எல்லோருடையது. சட்டம் மட்டும் பெரியக்காவுடையது. சமையல் குறிப்புப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்ட பிறகுதான் புக்கு அவள் வீட்டை விட்டு வெளியே வரும். தீபாவளிக்கு அவள் சுடும் பாதுஷா ஏன் அப்படி உதிர்கிறது என்று லைன் முழுக்கக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "கைப்பக்குவம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கைப்பக்குவமாவது, புண்ணாக்காவது. கத்தரித்த சதுர ஓட்டை எங்களைப் பார்த்துப் பல்லிளிக்கும்.

சுற்றில் சேருவதும் அவ்வளவு சுலபமில்லை. புதிதாகக் குடிவந்தவளுக்குப் பெரியக்கா முதலில் தன் முறுக்கு அச்சைக் கடன் கொடுப்பாள். நாமே கேட்க வேண்டியதில்லை, அவளே கொண்டுவந்து "சுட்டுப் பாரும்மா" என்று நீட்டுவாள். அது சொன்ன நாளில் வருகிறதா, கழுவித் துடைத்து வருகிறதா, உள்ளே போடும் சில்லு அத்தனையும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். அதில் தேறினால்தான் புக்கு. எனக்கு இது தெரியாது. அச்சைத் திருப்பிக் கொடுத்தபோது ஓமப்பொடி சில்லு எங்கள் பாத்திரக் கூடையிலேயே தங்கிவிட்டது. அந்த ஒரு சில்லுக்காக என்னை மூன்று மாதம் காக்க வைத்தாள். பக்கத்து வீட்டில் பக்கம் புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையே வரும்.

சேர்ந்த பிறகுதான் அந்தச் சுற்றின் ருசி தெரிந்தது. பத்திரிகையில் அச்சடித்திருந்த கதையைவிட அதன் ஓரத்தில் எழுதுவதும், எனக்கு முன்னால் எழுதியிருப்பதைப் படிப்பதும்தான் சுகம். கதாநாயகன் தாடி வளர்த்தால் "சவரத்துக்குக் காசில்லையோ?" என்று பெரியக்கா. அதற்குக் கீழே "எங்க வூட்டுக்காரர் மட்டும் என்னவாம்?" என்று நான். யாரும் பேர் போடுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். பெரியக்கா சிவப்பு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வீடுகள் ஊதா, கறுப்பு, சாதாப் பென்சில். எனக்கு மிச்சமிருந்தது பச்சை. "பெரிய ஆபீசருங்கதான் பச்ச மையில எழுதுவாங்க. நம்ம லைனுக்கும் ஒரு ஆபீசர் வந்துட்டா" என்று பெரியக்கா கேலி செய்தாள். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

ஓரத்தில் எழுதியதைக் குழாயடியில் பேசக் கூடாது. இது இன்னொரு சட்டம். நான் வருவதற்கு முன்னால் மூன்றாவது வீட்டுக்காரி ஒரு கதையின் மாமியாருக்குப் பக்கத்தில் "எங்க அத்தைய பாத்து எழுதியிருக்காங்க" என்று கிறுக்கி வைக்க, அதை யாரோ தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிச் சிரிக்க, அத்தையின் காதில் விழுந்து, புக்கு நேராக அடுப்புக்குள் போய்விட்டது. அந்த வாரத் தொடர்கதையில் என்ன நடந்தது என்று அதற்குப் பின்னால் இருந்த வீடுகளுக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து எழுதினது எழுத்தோடு சரி, வாயைத் திறக்கக் கூடாது.

நான் நன்றாக எழுதினேன். சும்மா சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் பிளஸ் டூவில் முதல் மார்க் எடுத்தவள் நான். சேலத்துக்குப் போய் காலேஜ் அப்ளிகேஷன் வாங்கி வந்த என் அப்பா, அதே மஞ்சப் பையில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளும் நாலு வாங்கி வந்திருந்தார். எது பூர்த்தி செய்யப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கப்புறம் எனக்குக் கிடைத்த வெள்ளைத் தாள் என்றால் அந்த ஓரம் மட்டும்தான். விரலகலத்துக்கு எழுத இடம் கிடைத்தாலும் போதும், நறுக்கென்று ஒரு வரி வைப்பேன். மறுநாள் புக்கு மூன்றாவது வீட்டுக்குப் போகும். நான் அரிசி களைவது போலப் பொதுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு காத்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் களுக்கென்று சிரிப்பு கிளம்பும். அது எந்தப் பக்கத்துக்கு, எந்த வரிக்கு என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் நான்காவது வீட்டில் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் நான் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஆறாவது வீடு அப்போது காலி. ஒரு ஆடி மாதம் அங்கே ஒரு தையல்காரர் குடிவந்தார், மனைவியோடு. கிருஷ்ணகிரிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறையலாம். வீட்டில் உருது பேசுவார்கள், எங்களிடம் தமிழ். பெரியக்கா வழக்கம்போல முறுக்கு அச்சைக் கொண்டுபோய் நீட்டினாள். மூன்றாம் நாள் அச்சு திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, சில்லுகளை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, அந்தப் பைக்கு வாயில் நாடா வைத்துத் தைத்து. பெரியக்கா அந்தப் பையை லைன் முழுக்கக் காட்டினாள். "இதுக்குப் பேருதான் பொறுப்பு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு மூன்று மாதம், அவளுக்கு மூன்று நாள். என் காதில் புகை வந்த முதல் நாள் அதுதான்.

போகட்டும், ஆறாவது வீடுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் சுற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. நான் இரண்டாவது ஆள் என்பதால் எனக்குப் பின்னால் வருகிற எல்லோரும் நான் எழுதியதைப் படிப்பார்கள், ஆனால் அவர்கள் எழுதியதை நான் படிக்க முடியாது. பெரியக்காவின் சிவப்பு மட்டும்தான் என் கண்ணில் படும். கடைசி வீட்டுக்காரி அத்தனை நிறத்தையும் படிப்பாள், ஆனால் அவள் எழுதுவதைப் படிக்கப் பெரியக்காவைத் தவிர ஆள் கிடையாது. எழுதிக் கிழித்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெரியக்கா பார்த்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. புக்கு திரும்பி வருகிற சாயங்காலம் அவள் வீட்டிலிருந்து சத்தமே வராது. வழக்கமாக வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்பவள் அன்றைக்கு உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, குழாயடியில் யார் இருந்தாலும் கேட்காமலேயே ஆரம்பிப்பாள். "கடைசி வூட்டுக்காரி எழுதறத பாக்கணும்டி. துணியில கோடு போடற நீலப் பென்சிலு. எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. என்னமா எழுதறா!"

"என்னா எழுதறாங்க?" என்று ஐந்தாவது வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள்.

"அத சொல்லக் கூடாதுல்ல" என்றாள் பெரியக்கா.

பேசவே கூடாது என்று சட்டம் போட்டவள் பாதி மட்டும் பேசுவாள். எனக்குத் தண்ணீர்க் குடத்தை அங்கேயே போட்டு உடைக்கலாம் போல இருந்தது. என் எழுத்துக்கு இத்தனை நாளாகச் சிரிப்பு வந்தது. அவள் எழுத்துக்கு மௌனம் வந்தது. எது பெரியது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அதனால்தான் தாங்க முடியவில்லை.

எப்படியாவது அந்த நீலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. பெரியக்கா பழைய புக்குகளைத் தகர டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பாள். ஒருநாள் அலமாரியில் விரிக்கப் பழைய புக்கு வேண்டும் என்று போய் நின்றேன். "உனக்குத்தான் ரெண்டாவதா புதுசே வருதில்ல, பழசு எதுக்கு?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு புக்கு எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு ஓடிவந்து பிரித்தால் இரண்டும் நான் சுற்றில் சேருவதற்கும் முந்தையவை. தேடித்தான் கொடுத்திருக்கிறாள். அதையே அலமாரியில் விரித்தேன். திறக்கும்போதெல்லாம் அது என் மூக்கை உடைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு யோசனையும் செய்தேன். பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் பெரியக்காவிடம், "ஒரே பக்கத்திலிருந்தே போவுதே, ஒரு மாசம் அந்தக் கடைசியிலிருந்து ஆரம்பிச்சா என்னாங்க?" என்று ரொம்ப நியாயமாகக் கேட்டேன்.

அவள் முறத்தில் இருந்த துவரம்பருப்பைப் புடைப்பதை நிறுத்தினாள். "தாராளமா செய்யலாம். அப்ப அவ எழுதறத லைனே படிக்கும். நீ எழுதறத நான் ஒருத்திதான் படிப்பேன். உனக்குச் சம்மதமா?"

 சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கு வேண்டும். அவள் எழுத்தும் எனக்கு வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பதைப் பருப்புப் புடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "இப்படியே இருக்கட்டுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ரசத்தில் உப்பில்லை என்று என் கணவர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தத் தையல்காரர் மனைவியிடம் நேராகப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் பேசுவது? குழாயடியில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், ஏதோ கேட்க வருவது போல நிற்பாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். வீட்டில் உருது பேசுகிறவள் தமிழில் என்னைத் தாண்டிவிட்டாள் என்று பெரியக்காவே லைன் முழுக்கச் சொல்கிறபோது அவள் முகத்தைப் பார்த்து நான் என்ன பேச? அவளும் ஒருநாள்கூட என்னைக் கூப்பிட்டு நிறுத்தியதில்லை. சட்டத்தை அப்படியே மதிக்கிற பெண். சில்லுக்குப் பை தைத்தவள் ஆயிற்றே.

அந்த வருஷம் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பெண், காலேஜில் இடம் கிடைத்தும் வீட்டில் அனுப்பாமல் நிறுத்திவிடுகிறார்கள். லைன் முழுக்க அந்தக் கதைக்குப் பைத்தியமாக இருந்தது. நான் அதன் ஓரத்தில் மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. துணுக்கு, ஜோக், சிறுகதை, விளம்பரம்வரை பச்சை மை இருக்கும். அந்தத் தொடர் வரும் பக்கங்களில் ஓரம் வெள்ளையாகவே அடுத்த வீட்டுக்குப் போகும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன், பிறகு மூடிவிடுவேன். அவ்வளவு எழுத்துக்கு நடுவில் எழுதாத இடத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அடுத்த ஆடிக்கு முன்பே தையல்காரர் ஓசூருக்குப் போவது என்று முடிவாயிற்று. அங்கே கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்தன, யூனிபார்ம் தைக்கிற வேலை நிறைய வரும் என்றார்கள். அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வண்டியில் தையல் மெஷினை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் முறுக்கு அச்சை எடுத்துக்கொண்டு பெரியக்கா வீட்டுக்கு வந்தாள். பெரியக்கா சந்தைக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இத பெரியக்காகிட்ட குடுத்துர்றீங்களா? போன வாரம் வாங்குனது."

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஊர விட்டுப் போறேன், இனிமே சட்டம் கிட்டம் எனக்கு இல்லீங்க. அதனால கேக்கறேன். நீங்க ஏங்க்கா எனக்கு ஒரு தடவகூட பதிலு எழுதல?"

"எதுக்கு பதிலு?"

"வாராவாரம் கேட்டேனே. எல்லாப் பக்கத்துலயும் பச்ச மை இருக்குது, அந்தத் தொடர்கதையில மட்டும் ஏங்க்கா ஒன்னும் எழுத மாட்டேங்கறீங்கனு. முதல்ல சும்மா கேட்டேன். அப்பறம் எனக்கா தோணினத எல்லாம் எழுதினேன். என்னைய எட்டாவதோட நிறுத்தினாங்க, அதையும் எழுதினேன். பச்ச மை அக்காவுக்குனு மேல போட்டுத்தான் எழுதுவேன். நீங்க ஒரு வரி போடுவீங்கனு ஒவ்வொரு வாரமும் மொதல்ல அந்தப் பக்கத்தத்தான் திருப்புவேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புக்கு சுற்று என்று பேர் வைத்திருக்கிறோம். சுற்று என்றால் சுற்றி வரும்தானே? கடைசி வீட்டிலிருந்து பெரியக்காவிடம் போய், அங்கிருந்து மறுபடி எல்லோருக்கும் ஒருமுறை வரும் என்று அந்தப் பெண் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தான் எழுதியதை நான் வாராவாரம் படித்துவிட்டு, பதில் சொல்ல மனசில்லாமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். நானும் சரியாக அப்படியேதான் போயிருக்கிறேன்.

"எங்கிட்ட வரவே இல்லம்மா" என்றேன். "உன்கிட்டேர்ந்து நேரா அவங்ககிட்ட போயிரும். பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முதல் வீட்டின் மூடிய கதவைப் பார்த்தாள். வண்டியிலிருந்து அவள் புருஷன் கூப்பிட்டார். "அப்ப நீங்க படிக்கவே இல்லியா?" என்று இன்னொரு முறை கேட்டாள். அதில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "என்னா எழுதினேனு எனக்கே இப்ப கோர்வையா வரலீங்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டிப் போயிற்று.

பெரியக்கா காய்கறிப் பையோடு வந்து சேர்ந்தபோது நான் முறுக்கு அச்சை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பழைய புக்கெல்லாம் எனக்கு வேணும்" என்றேன். அவளிடம் அந்தக் குரலில் நான் பேசியதே இல்லை.

அவள் பையைக் கீழே வைத்தாள். "ஏது இருக்குது? கறையான் புடிச்சிடுச்சேனு வைகாசியில எடைக்குப் போட்டுட்டேனே. அதுக்கப்பறம் வந்த நாலஞ்சுதான் கெடக்குது. அதுல அவ ஒன்னும் எழுதல. எழுதறதயே வுட்டுட்டா."

"அவ எனக்கு எழுதினது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வருஷம்! ஒரு வார்த்த சொன்னா என்னாங்க?"

"ஓரத்துல எழுதினத பேசக் கூடாதுனு நான்தான சொன்னேன். நானே எப்படிச் சொல்றது?"

"குழாயடியில மட்டும் சொல்லுவீங்க."

பெரியக்கா முறுக்கு அச்சை என் மடியிலிருந்து எடுத்து, துணிப்பையின் நாடாவை அவிழ்த்து, சில்லுகளைக் கையில் கொட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. மறுபடி உள்ளே போட்டு முடிச்சுப் போட்டாள். "நான் எவ்வளவு நாளா செகப்பு மையில எழுதறேன்" என்றாள். "ஒருத்தியாச்சும் செகப்பு மை அக்காவுக்குனு மேல போட்டு ஒரு வரி எழுதியிருப்பாளா?"

கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. எனக்கு வந்த சோற்றை அவள் உட்கார்ந்து ஒரு வருஷம் சாப்பிட்டிருக்கிறாள், கேட்டால் தனக்குப் பசி என்கிறாள். அப்படித்தான் தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வந்தது. அன்று நான் பேனாவை மூடவில்லை. மஞ்சப் பையில் தொடங்கி எழுதினேன். அப்ளிகேஷனின் நிறம், அதில் அப்பா என் பேரை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தியது, அது பிறகு எங்கள் வீட்டில் எதற்கு அடியில் கிடந்தது, எல்லாவற்றையும். மேல் ஓரம், கீழ் ஓரம், பத்திகளுக்கு நடுவில் இருந்த வெள்ளை என்று இண்டு இடுக்கு விடாமல் பச்சை. மேலே 'நீலப் பென்சிலுக்கு' என்று போட்டேன். மறுநாள் சுவரை ஒட்டி நின்றேன். மூன்றாவது வீட்டில் சிரிப்பு வரவில்லை. நான்காவதிலும் வரவில்லை. ஐந்தாவது வீட்டுக்காரி காலியாகக் கிடந்த ஆறாவது வீட்டைத் தாண்டி வந்து புக்கைப் பெரியக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் முதல் வீட்டில் விளக்கு வெகு நேரம் எரிந்தது.

மறுநாள் குழாயடியில் பெரியக்கா எதுவும் சொல்லவில்லை. என் குடம் நிரம்பும்வரை தன் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் நாங்கள் அந்த லைனில் இரண்டு வருஷம் இருந்தோம், புக்கு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தையல்காரர் மனைவி மேல் எனக்கு ஒரு துளிப் பொறாமையும் இல்லை. இருக்கிற பொறாமை எல்லாம் பெரியக்கா மேல்தான். அந்தப் பெண் என்னிடம் கேட்டதை நான் படிக்கவில்லை. நான் சொன்ன பதிலை அந்தப் பெண் படிக்கவில்லை. இரண்டையும் படித்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.